முப்பத்துநாலு மார்க்

தங்கவயலில் சங்கு ஊதினால் ஆண்கள் பூமிக்குள் இறங்குவார்கள், மறுபடி ஊதினால் ஏறி வருவார்கள், யாராவது ஏறி வராமல் போனால் இன்னொரு முறை நீளமாக ஊதும். இந்தச் சங்குக்கு அடுத்தபடியாக அந்த ஊர் காதைக் கொடுத்த சத்தம் ஒன்று உண்டென்றால், அது சுரங்க வாயில் மாட்டியிருந்த கரும்பலகையில் தயாளன் சாக்பீஸால் எழுதும் சத்தம்தான். தயாளனுக்கு மணி அடிக்கிற வேலை. ஆட்களை ஏற்றிய கூண்டு இறங்கலாம், நிற்கலாம், ஏறலாம் என்று எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு மணியால் சொல்ல வேண்டும், ஒரு அடி கூடினாலும் குறைந்தாலும் ஒரு கூண்டு ஆள் போய்விடும், ஆகவே அவன் காது தப்புப் பண்ணாது என்று உயிரை வைத்து நம்பிய ஊர் அது. அப்படிப்பட்ட காது பாட்டைக் கேட்டால் என்ன சொல்லும் என்று எவனோ ஒருநாள் விளையாட்டாகக் கேட்கப்போக, ஷிப்ட் அறிவிப்புக்குக் கீழே மூலையில் 'நேற்றைய கச்சேரி 41' என்று அவன் எழுதி வைக்க, விளையாட்டு வழக்கமாகி, வழக்கம் சட்டமாகிவிட்டது.

சட்டம் இவ்வளவுதான். நூற்றுக்கு மார்க். பள்ளிக்கூடத்தில் போலவே முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். பாஸான குழு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கச்சேரியை மறுபடி வாசித்தே தீரவேண்டும், அதற்கு ஒன்ஸ்மோர் ஞாயிறு என்று பெயர். பெயிலானால் கச்சேரி அத்தோடு முடிந்தது, அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மார்க் விழாதவரைக்கும் எந்தக் கச்சேரியும் முடிந்ததாகக் கணக்கில்லை. தயாளன் முகதாட்சண்யம் பார்க்கிறவன் கிடையாது. பாதிரியாரே முன்னால் நின்று பாடிய கிறிஸ்துமஸ் பாடலுக்கு முப்பது போட்டான், தன் கல்யாணத்துக்கு மாமனார் ஆசையாகக் கொண்டுவந்த பேண்டு செட்டுக்கு இருபத்திரண்டு போட்டுவிட்டு, அந்த மனுஷன் ஒரு வருஷம் பேசாததையும் பொறுத்துக்கொண்டான்.

அவன் தங்கை கிருபாவைக் கட்டியவன் எபனேசர். சுரங்கத்தில் துளை போடுகிற மிஷின் பிடிக்கிற வேலை, மேலே வந்தால் கிட்டார். விளக்கு வாங்க வரிசையில் நிற்கிற இடத்தில் பழக்கமான கஜபதி டிரம்முக்கு, ரொசாரியோ என்ற ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் ஆர்கனுக்கு, மூன்று பேரும் சேர்ந்து 'லாம்ப் ரூம் பாய்ஸ்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். முதல் கச்சேரியில் சினிமாப் பாட்டுகளை அப்படியே வாசித்தார்கள், தயாளன் மச்சான் என்றும் பார்க்காமல் இருபத்தெட்டு போட்டான். இரண்டாவதில் பாடுவதை விட்டுவிட்டார்கள். ஒரே மெட்டை எடுத்துக்கொண்டு, வார்த்தை இல்லாமல், இவன் ஒன்று சொல்ல அவன் அதற்குப் பதில் சொல்ல, எங்கே போகிறோம் என்று தங்களுக்கே தெரியாமல் நாற்பது நிமிஷம் வாசித்தார்கள். பாதி ஜனம் எழுந்து போனது, மீதி ஜனம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. தயாளன் இரண்டு நாள் யோசித்து முப்பத்தாறு போட்டான். மூன்றாவது கச்சேரி அந்த முப்பத்தாறு வாங்கிக் கொடுத்த ஒன்ஸ்மோர் ஞாயிறு.

சர்ச் முடிந்து பதினொரு மணிக்குத் தொழிலாளர் ஹாலில் ஆரம்பித்தார்கள். போன வாரம் வாசித்ததை வாசிக்கத்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் மெட்டு முதல் திருப்பத்திலேயே வேறு பக்கம் போய்விட்டது, மூன்று பேரும் அதன் பின்னாலேயே போனார்கள், பன்னிரண்டு மணி ஆனது, ஒரு மணி ஆனது, ஒன்றரைக்கு இரண்டாம் ஷிப்டுக்கான சங்கு ஊதியது. எபனேசருக்கும் கஜபதிக்கும் அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட். சங்கு ஊதினால் சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் எழுந்துகொள்கிற ஊர் அது, ஆகவே எபனேசர் கிட்டாரைக் கழற்றிப் போர்வையில் சுற்றினான், கஜபதி குச்சிகளை இடுப்பில் செருகினான், ரொசாரியோ ஆர்கனை மூடினார், மூவரும் மேடையை விட்டு இறங்கி வேலைக்கும் வீட்டுக்கும் போய்விட்டார்கள். பாட்டு மட்டும் மேடையிலேயே நின்று தன்பாட்டுக்கு மேற்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

ஹாலைப் பூட்ட வந்த சாவிக்கார நாகேசு காலியான மேடையைப் பார்த்தார், மூன்றாவது தூணில் சாய்ந்திருந்த தயாளனைப் பார்த்தார்.

"இன்னாபா, முடிஞ்சிதா?"

"இன்னும் முடியலண்ணா."

"செரி, முடிஞ்சதும் பூட்டிக்கினு சாவிய வூட்ல குட்த்துடு" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். சாவி பதினோரு மாதம் தயாளனிடமே இருந்தது.

ஏன் இப்படி என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் பூமிக்குள் இரண்டு மைல் இறங்கி, வெறும் கல்லை உடைத்து, அதில் கண்ணுக்குத் தெரியாத தங்கத்தை எடுத்து, அதையும் யாருக்கோ தந்துவிட்டு வெறுங்கையோடு மேலே வருகிறவர்களுக்கு, ஆள் இல்லாமல் ஒரு பாட்டு ஓடுவது அப்படி ஒன்றும் பெரிய விஷயமாகப் படவில்லை. ஹாலில் ஏற்கெனவே பேசி வைத்திருந்த கல்யாணம் நடந்தது, நாதஸ்வரக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள், கிட்டார் கொஞ்சம் தணிந்த நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள். சங்கத் தலைவர் டிரம்முக்கு நடுவே விழும் இடைவெளியில் பேசப் பழகினார், அதனால் அவர் பேச்சு கால்வாசியாகக் குறைந்து கூட்டத்துக்கு ஆள் கூடியது. பாதிரியாரும் மாரியம்மன் கோயில் பூசாரியும் இது யாருடைய பாட்டு என்று இரண்டு வாரம் சண்டை போட்டார்கள், வார்த்தையே இல்லாத பாட்டை எந்தச் சாமி பேரில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். சுரங்க ஆபீசில் ரூல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள், அனுமதியில்லாமல் ஹாலில் இருக்கும் ஆளை வெளியேற்ற வழி இருந்தது, ஆளே இல்லாத வாசிப்பை வெளியேற்ற வழி இல்லை. கல்தூசி நெஞ்சில் படிந்து இளைப்பு வந்தவர்களை மனைவிமார்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சுவரோரம் உட்கார வைத்தார்கள், ஆர்கன் நீளமாக இழுக்கும்போது அவர்களும் கூடவே மூச்சை இழுத்தார்கள், அன்றைக்கு ஒரு வேளை சோறு இறங்கியது. பக்கத்து லைன் வீடுகளில் குழந்தைகள் தாலாட்டில்லாமல் தூங்கின. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து வருகிற மாதங்களில்கூட ஜன்னலை யாரும் சாத்தவில்லை.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான், கூண்டுக்கு நிற்கும்போது கேட்டார்கள், தண்ணீர்க் குழாயில் கேட்டார்கள்: "தயாளா, இன்னா மார்க்கு?"

"முடியட்டும்" என்றான் தயாளன். "முடியாத கச்சேரிக்கு எவனாவது மார்க்கு போடுவானா?"

ஆனால் உண்மை என்னவென்றால், அது முடியக் கூடாது என்றுதான் அவன் இருந்தான். ஷிப்ட் முடிந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் மூன்றாவது தூணுக்கு வந்துவிடுவான். முதல் மாதம் அறுபது மதிக்கலாம் என்று நினைத்தான், மூன்றாவது மாதம் எண்பது என்று நினைத்தான், ஐந்தாவது மாதம் எபனேசருடைய கிட்டார் ஒருநாள் மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது, ஒரு சுரம் விட்டு ஒரு சுரமாக, கூண்டு இறங்குகிற மாதிரி, வெளிச்சம் தலைக்கு மேலே காசளவாகச் சுருங்கி அணைகிற இடத்தையும் தாண்டி, அங்கே நிற்காமல் இன்னும் இன்னும் இறங்கிக்கொண்டே போனது, தயாளன் அழுதான். இருபது வருஷம் மற்றவர்களைக் கீழே அனுப்பி மணியடித்தவனுக்கு, கீழே போவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இது எங்கே போய்த் தரை தட்டும் என்று கேட்காமல் செத்தால் தன் கட்டை வேகாது என்று நினைத்துக்கொண்டான்.

பாட்டுக்கு ஆள் வேண்டாம் என்று ஊர் நினைத்ததுதான் தப்பு, அது ஆளைத்தான் தின்றுகொண்டிருந்தது. கஜபதி தூக்கத்தில் கால் ஆட்டினான், மனைவி வேறு அறையில் படுத்தாள். ரொசாரியோவின் விரல்கள் சாப்பாட்டு மேஜையில் தாமாகவே ஓடின. ஆனால் பாட்டை முன்னால் நின்று இழுத்துப் போனது கிட்டார், ஆகவே எல்லாவற்றையும் எபனேசரிடமிருந்துதான் எடுத்தது. முதலில் அவன் தூக்கத்தை எடுத்தது, அப்புறம் பசியை எடுத்தது, அப்புறம் மனைவி கூப்பிடுவது காதில் விழாமல் போனது. கிட்டார் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, தொடாத தந்தியில் அவன் இடது கை விரல் நுனிகள் வெடித்து ரத்தம் கசிந்தன. மிஷின் பிடிக்க முடியவில்லை என்று மேஸ்திரி அவனை லாரிக்குக் கல் தள்ளப் போட்டார், அதுவும் முடியவில்லை.

நாமே போய் முடித்துவிட்டு வருவோம் என்று மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியங்களோடு ஹாலுக்கு வந்தார்கள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. மேடையேறி, மாட்டிக்கொண்டு, காதைச் சாய்த்து, நுழைய இடம் பார்த்து ஒரு மணி நேரம் நின்றார்கள், கயிறு சுற்றுகிற இடத்தில் எப்போது குதிப்பது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளைப் போல நின்றார்கள். எபனேசர் ஒரே ஒரு சுரம் வாசித்தான், அது அவன் காதுக்கே அசிங்கமாக இருந்தது, கையை எடுத்துவிட்டான்.

"எங்க உள்ள போறதுன்னே தெர்ல மச்சான்" என்றான் கீழே இறங்கி வந்து, சிரித்துக்கொண்டே. "அது நம்மள தாண்டி ரொம்ப தூரம் போய்க்கினு கீது."

அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்றைக்கே கிருபா அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் ஆறு மாதம்.

"ஒரு மார்க்க போட்டு முட்சிடுண்ணா. நீ போட்டா முடிஞ்சிரும்ன்றாங்க."

"போட்டா அது இன்னா மார்க்குனு தெரியுமா ஒனக்கு? நூறு. நூறு போட்டா அடுத்த ஞாயிறு ஒன்ஸ்மோரு. திரும்பியும் மொதல்ல இருந்து."

"அப்ப பெயிலு போடு."

"பெயிலா?" தயாளனுக்குக் கோபம் வந்தது. "கிருபா, எங் காதுக்கு தெரியாததயா நீ கண்டுட்ட? அத்த போயி பெயிலுன்னு எழுதச் சொல்றியே, கை வருமா?"

அவள் திரும்பிப் போய்விட்டாள். வயிற்றில் எட்டு மாதத்தோடு மறுபடி வந்தாள், அப்போது அவன், இன்னும் நாலு நாள் பொறும்மா, கிட்டார் கீழே இறங்கிக்கினு கீது, தரை தட்டட்டும் என்றான். இன்றைக்கு நினைத்தாலும் தயாளனுக்கு உடம்பு கூசும் பேச்சு அது. மூன்றாவது முறை அவள் வந்தபோது கையில் இரண்டு மாதக் குழந்தை இருந்தது, இன்னொரு கையில் ஒரு தலையணை உறை. அதை அவன் முன்னால் விரித்துப் போட்டாள். கன்னத்துக்கு அடியில் கையை வைத்துத் தூங்க முயற்சி பண்ணுகிறவனுடைய நாலு விரல் ரத்தமும் அதில் பதிந்திருந்தது, பழைய கறைமேல் புதுக் கறையாக.

"இத்தயும் கேட்டுட்டு போடு மார்க்கு" என்றாள்.

தயாளன் தலையணை உறையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான். கிட்டார் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு மணி நேரம் கேட்டான். அப்புறம் எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டி, சுரங்க வாய்க்கு நடந்தான். வழியெல்லாம் எண்ணிப் பார்த்தான். பூஜ்யம் போட்டால் ஊரும் நம்பாது, பாட்டும் நம்பாது. பத்து போட்டால் பொறாமை என்பார்கள். பொய் எவ்வளவு சின்னதாக இருக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தான், அதில் தன் மச்சானுக்கு வலியும் குறையும் என்று நம்பினான், அந்த நம்பிக்கைக்காகப் பிற்பாடு முப்பது வருஷம் தன்னைத் தானே திட்டிக்கொண்டான். முதல் ஷிப்டுக்கு ஆள் நிற்கும்போது, எல்லோரும் பார்க்க, மூலையில் எழுதினான்: 'லாம்ப் ரூம் பாய்ஸ் 34.'

பாட்டு ஒரு சுரத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. தரை தட்டவில்லை.

அன்றைக்கு ஊர் தயாளனைப் பேசாத பேச்சில்லை. மணியடித்து மணியடித்துக் காது அவிந்துவிட்டது என்றார்கள், தங்கை புருஷன் பெரிய ஆளாவது பொறுக்கவில்லை என்றார்கள், யாரோ அவன் வீட்டு ஓட்டின்மேல் கல்லெறிந்தார்கள். ஹாலைப் பூட்டிச் சாவியை நாகேசிடம் கொடுத்தபோது அவர் அதைத் தயாளன் கையிலிருந்து வாங்காமல் தரையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார். குழந்தைகள் ஒரு வாரம் தூங்காமல் கத்தின, சுவரோரம் உட்கார்ந்திருந்த இளைப்புக்காரர்களில் நாலு பேர் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார்கள், அந்த நாலு பாவத்தையும் அவன் தலையில்தான் வைத்தார்கள், அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு பலகையின் அந்த மூலையில் எந்த மார்க்கும் விழவில்லை.

அவனுக்காகப் பேசியவன் ஊரிலேயே ஒரே ஒரு ஆள், எபனேசர். அன்று மத்தியானம் ஒரு குண்டான் சோற்றைத் தின்றுவிட்டு இரண்டு நாள் தூங்கினான், எழுந்து மார்க்கைக் கேட்டான், கேட்டுவிட்டு ரொம்ப நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான் போட்டா போட்டதுதான்" என்றான் சண்டைக்கு வந்தவர்களிடம். "அவன் காதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எங்கியோ ஒரு மார்க்கு வுட்டுட்டோம்."

தயாளன் உண்மையைச் சொல்லிவிடத்தான் துடித்தான். கிருபா விடவில்லை. குழந்தையின் தலைமேல் அவன் கையை எடுத்து வைத்து, எபனேசர் உயிரோடு இருக்கும்வரை வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பாஸ் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், பாட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும் என்று அவள் பயந்தாள், அவனும் பயந்தான்.

எபனேசர் மறுபடி மிஷின் பிடித்தான், மூன்று பிள்ளைகள் பெற்றான், கிட்டாரை மறுபடி வாசிக்கவில்லை. தந்திகளைக் கழற்றி வீட்டின் மூங்கில் தட்டியைக் கட்டினான். ரொசாரியோ ஆஸ்திரேலியா போய்விட்டார், கஜபதி பஜனைக் கோஷ்டியில் சேர்ந்தான். வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அப்புறம், பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, கோபமே இல்லாமல், எபனேசர் அதைக் கேட்பான்:

"மச்சான், அந்த ஒரு மார்க்கு எங்க போச்சி?"

தயாளன் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒரு வருஷம், ரெண்டாவது சுற்றில் டிரம் கொஞ்சம் முந்திக்கொண்டது என்றான். ஒரு வருஷம், ஆர்கன் தேவையில்லாத இடத்தில் இழுத்தது என்றான். ஒரு வருஷம் வேறு வழியில்லாமல், கீழே இறங்குகிற இடத்தில் நீ அவசரப்பட்டுவிட்டாய் என்றான். குற்றமே இல்லாத ஒன்றில் வருஷத்துக்கு ஒரு குற்றம் கண்டுபிடிக்க அவன் நவம்பரிலிருந்தே யோசிப்பான், சோறு இறங்காது. எபனேசர் ஒவ்வொன்றையும் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வான்.

"ஆமா மச்சான்," என்பான், "அங்க அவசரப்பட்டுட்டேன். எனக்கே தெரிஞ்சிது."

சுரங்கத்தை மூடினார்கள். சங்கு நின்றது. ஆண்கள் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்குக் காவல் வேலைக்குப் போய் இருட்டின பிறகு திரும்பினார்கள். கீழே பம்ப் ஓடாமல் தண்ணீர் ஏறியது, இரண்டு மைல் ஆழமும் நிறைந்தது. எபனேசரின் நெஞ்சுக்குள் இருந்த கல்தூசி அதற்குள் கல்லாகிவிட்டிருந்தது, டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கிருபாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். இந்த வாரம் தாண்டாது என்றார்.

கிருபா அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். தயாளன் வந்தபோது காலை பத்து மணி, வெயில் தட்டி வழியாகப் பாயில் விழுந்திருந்தது. அவள் வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்ட்ருண்ணா. இனிமே எடுக்கறதுக்கு அவருகிட்ட இன்னா கீது."

தயாளன் பக்கத்தில் உட்கார்ந்தான். எபனேசரால் படுக்க முடியவில்லை, தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ரொம்ப தூரம் இருந்தது.

"எபி," என்றான் தயாளன். "அந்தக் கச்சேரி."

எபனேசர் கண்ணைத் திறந்தான்.

"நூறுடா. முப்பத்துநாலு இல்ல, நூறு. ஒரு மார்க்கும் எங்கியும் போவல. டிரம்மு முந்தல, ஆர்கன் இழுக்கல, நீ அவசரப்படல. ஒன்ன காப்பாத்தத்தான் பெயிலு போட்டேன். அந்த மாதிரி ஒண்ண அதுக்கு முன்னாலயும் நான் கேட்டதில்ல, பின்னாலயும் கேட்டதில்ல. நீ கீழ இறங்கின பாரு, அத்த கேட்டுத்தான் கீழ போறதுன்னா இன்னான்னு எனக்கு..." எழுபது வயதுக் கிழவன் வாயில் துண்டை வைத்துக்கொண்டு குலுங்கினான். குலுங்கிக்கொண்டே காதைக் கூர்மையாக்கினான். எங்கிருந்தாவது, பூட்டிய ஹாலிலிருந்தோ, தண்ணீர் நிறைந்த சுரங்கத்திலிருந்தோ, விட்ட சுரம் மறுபடி கேட்காதா, கேட்டால் இவன் நம்பிவிடுவானே என்று, முப்பது வருஷம் எதற்குப் பயந்தானோ அதையே இப்போது கெஞ்சிக் கேட்டான். தெருவில் ஒரு சைக்கிள் போனது, வேறு சத்தமில்லை.

எபனேசர் மெதுவாகக் கையை நகர்த்தி அவன் முழங்கால்மேல் வைத்து, அழுகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டினான்.

"இத்தன வருசத்துல," என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ சொன்ன மொத பொய்யி இதுதான் மச்சான்." அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாக, "கேக்க நல்லாத்தான் கீது" என்றான்.